கோப்பு நாற்பத்தேழு

தெங்காவில் புதுக் கட்டடம், பதினொன்றாம் மாடி,
சாவி வாங்கி ஆறு நாள்.
குறை கண்டுபிடிப்பது என் வேலை.
அதற்குச் சம்பளமும் தருகிறார்களா என்பாள் மனைவி.

கைக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி
அறை அறையாகப் போகிறேன்.
கேமராவுக்கு வெள்ளைச் சுவர் ஆகாது.
எதைப் பார்ப்பதென்று தெரியாமல்
உள்ளே போய் வெளியே வந்து தவிக்கும்.
விரிசலின் பக்கத்தில் ஓர் ஐம்பது காசை ஒட்டினால்
சட்டென்று நிலைகொள்ளும்.
ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைக்கிறேன்:
குளியலறை, கிழக்குச் சுவர், மூன்று.

தரைக்கல்லுக்குப் படம் போதாது.
மேலே பளபளவென்று இருக்கும்,
அடியில் சிமெண்டு பிடித்திருக்காது.
ஃபைருஸ் குண்டுமுனைக் கம்பியால் தட்டிக்கொண்டே போவான்.
ணங், ணங், ணங்,
டொப்.
அந்த டொப்புக்காகத்தான் ஒலிப்பதிவு.
மைக் இருப்பது கீழ்விளிம்பில், ஊசி குத்திய மாதிரி ஒரு துளை.
முதல் மாதம் முழுக்க அதைக்
கட்டைவிரலால் பொத்திக்கொண்டே பதிவு செய்திருக்கிறேன்.
குத்தகை நிறுவனத்தில் போட்டுக் காட்டியபோது
என் நாடித்துடிப்பு போல ஏதோ கேட்டது.
மேலாளர் தலையாட்டினார், பாவம்.

வீட்டுக்காரர்கள் திவாகரனும் ஹேமலோஷினியும்
கூடவே வந்தார்கள்.
அவர் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டார்.
அவள் ஜன்னல்களைத் திறந்து திறந்து மூடினாள்.
சின்ன அறையில் பதிவை ஓடவிட்டுக்
கைக்கணினியைத் தரையில் மறந்துவிட்டு
ஃபைருஸுக்கு ஏணி பிடிக்கப் போனேன்.

ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறும்போது
கோப்புகளைச் சரிபார்த்தேன்.
இந்த ஹெட்ஃபோனில் இடது காது மட்டும்தான் வேலை செய்யும்.
நாற்பத்தேழாவது:
ணங். ணங். டொப்.
கம்பியைக் கீழே வைக்கிறான்.
எங்கள் காலடிகள் விலகுகின்றன.
பிறகு அவள் குரல், மைக்குக்கு ஒரு முழம் மேலே.
குனிந்திருக்க வேண்டும், அல்லது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதுல கட்டில் போட வேணாம் திவா.
எதுவுமே போட வேணாம். கொஞ்ச நாள் இருக்கட்டும்.

அந்த மஞ்ச பெயிண்ட்டு?

திருப்பிக் குடுத்துடு.

அப்புறம் நாற்பது விநாடி ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றால்,
அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பது.

ரயில் வந்தது. ஏறவில்லை.

அறிக்கையோடு இந்தக் கோப்பும் போகும்,
குத்தகை நிறுவனத்துக்கு, மேற்பார்வையாளருக்கு,
யாரும் திறக்காத ஓர் அலமாரிக்கு.
பிளாட்பாரத்தில் நின்றபடியே வெட்டினேன்:
பன்னிரண்டு விநாடி போதும், டொப் வரைக்கும்.
மீதியை நிச்சயமாக அழிக்கவா என்றது.
ஆமாம்.

அழித்தால் பெயர்தான் போகும் என்று
ஃபைருஸ் ஒருநாள் சொன்னது
புக்கிட் பாத்தோக் வந்த பிறகு உறைத்தது.
உள்ளே இருப்பது கார்டில் அப்படியே கிடக்கும்,
மேலே வேறொன்று எழுதும் வரை.
சிம் லிம்மில் அவன் சித்தப்பா மகன்
இருபது வெள்ளிக்கு மீட்டுத் தருவானாம்.

கார்டில் இருந்த மற்றதையெல்லாம் மடிக்கணினிக்கு மாற்றினேன்.
கைக்கணினியைச் சமையலறை ஜன்னலில் சாய்த்துவைத்து
வீடியோவை ஓடவிட்டேன்.
எதிர் புளோக்கின் விளக்குகள், துணிக்கழிகள்,
மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுப்பது,
பத்தே முக்காலுக்குப் பெய்த மழை, அது நின்றது.
தண்ணீர் குடிக்க வந்தவள்
யாரைப் படம் பிடிக்கிறீங்க என்றாள்.
யாரையுமில்லை என்றேன்.
நின்று கொஞ்ச நேரம் அவளும் பார்த்தாள்.

இரண்டரைக்கு விழித்தபோது
திரையில் ஒற்றை வரி: மெமரி கார்டில் இடமில்லை.
நகத்தால் அழுத்தினேன், துள்ளி வெளியே வந்தது.
நகத்தளவுதான். சுட்டது.

காலையில் அதைத் துடைத்துக் காலியாக்கிப்
பொங்கோலுக்குப் போக வேண்டும்.
ஏழாம் மாடி, நாலறை வீடு.
சாவி வாங்கி இரண்டு நாள்.